‘ரோட்’டுக்கு ரைம்: எது முழுசாப் பொருந்தும், எது அரைகுறை?

வெள்ளவத்தை வரி:

தமிழும் இங்கிலீஷும் கலந்த ராப் பாட்டு ஒன்றுக்கு ஹுக் (திரும்பத் திரும்ப வாற பகுதி) எழுத வேண்டியிருக்கு. நாலு வரி, 90 பிபிஎம் (நிமிஷத்துக்கு 90 அடி). முதல் வரியில ‘காலி ரோட்’ (கொழும்பில இருந்து காலி ஊருக்குப் போற தெரு) வருது. மற்ற வரிகள் அந்த ‘ரோட்’டோட ஒத்துப் போகணும்.

ரைம் தேடுற தளத்தில சொல்லைப் போட்டா பட்டியல் முடியுதே இல்ல. அதில மூன்று விஷயம் விளங்கல்ல.

போட் (படகு), நோட், வோட் எல்லாத்தையும் ‘கிட்டத்தட்ட’ என்ற பகுதிக்குத் தள்ளியிருக்கு. எங்கட காதுக்கு அச்சொட்டாப் பொருந்துதே, ஏன்? அடுத்தது, ‘ப்ரோட்’ (அகலமான). எழுத்துக்கூட்டல் ‘ரோட்’டைப் போலவே முடியுது, ஆனா முழு ரைம் பட்டியல்ல அதைக் காணவே இல்ல. கடைசியா ‘இரோட்’ (மண்ணரிப்பில சொல்றது). அதை முழு ரைம் என்று போட்டிருக்கு, பாடிப் பார்த்தா ‘ரோட்’டையே திருப்பிச் சொன்ன மாதிரி இருக்கு.

எதை எடுக்கலாம், எதை விடணும், ஏன் என்று தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க. தளம் இல்லாம, தாளும் பேனையுமாத் தேடுற வழி இருந்தா அதுவும் சொல்லுங்க.

கடைசி அசை:

முதல்ல ஒரு குறியீடு வைச்சுக்கொள்வம், இல்லாட்டி இந்தத் திரி முழுக்கக் குழப்பம்தான். தமிழ் எழுத்தில ‘கோட்’ என்று எழுதினா இரகசியக் குறியா மேற்சட்டையா என்று தெரியாது. ‘நோட்’, ‘மோட்’, ‘போட்’ எல்லாத்திலயும் இதே வில்லங்கம். அதால, டி (D) எழுத்துச் சத்தத்தில முடியுறதை ‘ட்’ என்றும் ரி (T) எழுத்துச் சத்தத்தில முடியுறதை ‘ட்ட்’ என்றும் எழுதுறேன். ரோட், லோட், மோட், கோட் (குறி) இதுகள் டி. போட்ட் (படகு), நோட்ட், வோட்ட், கோட்ட் (மேற்சட்டை) இதுகள் ரி.

முழு ரைமுக்கு மூன்று சட்டம். சொல்லில கடைசியா அழுத்தம் விழுற அசையின் உயிர் ஒன்றா இருக்கணும். அந்த உயிருக்குப் பிறகு வாற சத்தம் எல்லாம் ஒன்றா இருக்கணும். உயிருக்கு முன்னுக்கு நிற்கிற மெய் வேறா இருக்கணும். எல்லாம் சத்தத்தை வைச்சுத்தான், எழுத்துக்கூட்டலுக்கு இதில ஒரு வேலையும் இல்ல.

போட்ட் இரண்டாவது சட்டத்தில விழுது: முடிவு ரி, டி இல்ல. ப்ரோட் முதலாவதில விழுது: அதில உள்ளது ‘லோ’ (சட்டம்) என்றதில வாற அகண்ட ஓ, ரோட்டில உள்ளது ‘கோ’ (போ), ‘நோ’ (இல்லை) என்றதில வாற குவிஞ்ச ஓ. கண்ணுக்கு மட்டும்தான் அது ரைம். இரோட் மூன்றாவதில விழுது: அழுத்தம் விழுற அசை ‘ரோட்’, முன்னுக்கு நிற்கிறது அதே ‘ர்’. கொரோட் (உலோகம் அரிபடுறது) என்றதும் அப்பிடித்தான். ரெயில்ரோட், க்ரொஸ்ரோட் சொல்லவே தேவையில்ல. தளங்கள் பெரும்பாலும் முதல் இரண்டு சட்டத்தை மட்டும் பார்த்துப் பட்டியல் போடுறதால இதுகளும் உள்ள வந்திடுது. (ஈரோடு ஊரையும் இங்கிலீஷ்ல அதே எழுத்துக்கூட்டல்லதான் எழுதுறாங்க. அது வேற பகிடி.)

தாளில தேடுற விதம்: ‘-ோட்’ என்ற முடிவை ஒரு பக்கத்தில எழுதுங்க. இங்கிலீஷ் சொல் எந்தெந்த மெய்யில தொடங்கலாமோ அதை வரிசையா முன்னுக்கு ஒட்டிக்கொண்டு போங்க. முதல்ல தனி மெய்கள், பிறகு ப்ல, ப்ர, க்ல, க்ர, ட்ர, ஃப்ல, க்வ, ஸ்ல, ஸ்ன, ஸ்ட, ஸ்ட்ர என்ற கூட்டுகள். வெறும் உயிரில தொடங்குறதையும் மறக்காதேங்க. ‘ரோட்’டுக்கு இப்பிடிப் போனா கிடைக்கிறது: ஓட் (ஒரு பாவகை), போட் (சகுனம் காட்டுறது), கோட், கோட் (தூண்டி விடுறது, இது ககரம் மெலிஞ்ச உச்சரிப்பு), லோட், மோட், நோட் (கணு), டோட் (தேரை), ஸ்ட்ரோட் (எட்டி நடந்தான்). இரண்டு மூன்று அசைச் சொல்லில எக்ஸ்ப்லோட், அன்லோட், டீகோட், அபோட் (இருப்பிடம்).

இதில கனபேர் தவறவிடுற பெரிய புதையல் இறந்தகால வினைகள். ஓ சத்தத்தில முடியுற வினைக்கு இறந்தகால டி சேர்ந்தா அது தானா ரைம் ஆகிடும்: ஸ்லோட் (வேகம் குறைஞ்சுது), ஷோட் (காட்டினான்), ஃப்லோட் (ஓடினது), க்லோட் (ஒளிர்ந்தது), ஓட் (கடன்பட்டான்), டோட் (வாகனத்தைக் கட்டி இழுத்தான்). ஹுக்குக்குக் கதை சொல்ல வினைதான் கைகொடுக்கும். கவனிக்க வேண்டியது, எல்லா ஓ வினையும் இப்பிடி வராது. ‘நோ’ (அறிதல்), ‘க்ரோ’ (வளர்தல்), ‘த்ரோ’ (எறிதல்), ‘ப்லோ’ (ஊதுதல்) நாலுக்கும் இறந்தகாலம் நியூ, க்ரூ, த்ரூ, ப்லூ என்று மாறிப் போகும். ரைமுக்காக ‘க்ரோட்’ என்று எழுதினா இங்கிலீஷ் தெரிஞ்சவன் சிரிப்பான். ஆனா சேவல் கூவினதுக்கு ‘க்ரோட்’ சரியான சொல்.

இன்னொரு பொறி அழுத்தம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதியில ஒவ்வொரு உயிருக்குப் பக்கத்திலயும் 0, 1, 2 என்று இலக்கம் இருக்கும். 1 முதன்மை அழுத்தம், 2 துணை அழுத்தம், 0 அழுத்தமே இல்ல. ரோட்டின் ஓவுக்கு 1. ‘எபிசோட்’ சொல்லில எ-வுக்கு 1, சோ-வுக்கு 2. அதால அது முழு ரைமுக்கு ஒரு படி கீழ, ஆனா பாட்டில நல்லா நிற்கும். ‘ஃபொலோட்’ (பின்தொடர்ந்தான்) சொல்லில கடைசி ஓவுக்கு 0. அதை ‘ரோட்’டுக்கு எதிரில வைச்சா வரி தொங்கிப் போகும். ஸ்வொலோட் (விழுங்கினான்) என்றதும் இதே சாதி. 2 என்றா எடுங்க, 0 என்றா விடுங்க.

மிக்ஸ் மேசை:

மேல சொன்னது தாளில சரி. மைக்குக்கு முன்னால நிலைமை கொஞ்சம் வேற.

டி, ரி இரண்டுக்கும் நாக்கு போய் நிற்கிற இடம் ஒன்றுதான். காதுக்கு வித்தியாசம் காட்டுறது அதுக்கு முன்னுக்கு நிற்கிற உயிரின் நீளம். இங்கிலீஷ்ல ரி (T), பி (P), கே (K) மாதிரி வல்லோசைக்கு முன்னால உயிர் சுருங்கும். ஏறத்தாழ 3க்கு 2 என்ற அளவில. ‘ரோட்’டில ஓ நீளம், ‘நோட்ட்’டில ஓ கட்டை. அதால ‘நோட்ட்’டை ‘ரோட்’டுக்கு எதிரில வைக்கிறதென்றா ஓவை வலிஞ்சு இழுத்துப் பாடுங்க, கடைசி ரியைத் தொட்டும் தொடாமலும் விடுங்க. சும்மா பேசுற மாதிரி ‘நோட்ட்’ என்று வெட்டினா அரைகுறை என்று உடனே பிடிபடும்.

கிட்டத்தட்ட ரைம் எடுக்கிற வரிசை எனக்கு இப்பிடி. முதல்ல டிக்கு இனமான மெல்லோசை அடைப்புகள் (மூச்சை ஒரு கணம் அடைச்சுச் சொல்ற B, G சத்தங்கள்): க்லோப் (பூகோள உருண்டை), ரோப் (அங்கி), வோக் (நாகரிகப் பாணி), ரோக் (போக்கிரி). உயிரின் நீளம் மாறாததால இதுகள் ‘நோட்ட்’டை விட நல்லா ஒட்டும், ஆனா ஆக்கள் இதைத் தேடுறதே இல்ல. பிறகுதான் வல்லோசைகள்: நோட்ட், வோட்ட், ரிமோட்ட், ஹோப், ஸ்லோப், ஸ்மோக், ப்ரோக். அதுக்குப் பிறகு இடையில ஒரு மெய் கூடினது: கோல்ட் (தங்கம்), டோல்ட் (சொன்னான்), ஹோல்ட் (பிடி), ஓன்ட் (சொந்தமா வைச்சிருந்தான்). இதுகளும் டியில முடியுறதால காது பொறுத்துக்கொள்ளும். அதுக்கும் கீழ மெய் குறைஞ்சது: ஸ்லோ, ஷோ, கோ. நீட்டிப் பாடுற ஹுக்கில இது நல்லா வேலை செய்யும், வேகமான வரியில வால் அறுந்த மாதிரி இருக்கும். ஹோம், ஃபோன், சோன், சோல் எல்லாம் உயிர் மட்டும் பொருந்துறது. தனியா ஒன்று வைச்சா எடுபடாது, அடுத்தடுத்து வரிக்குள்ளயும் ஓ வந்தா எடுபடும்.

எங்கட ஆக்களுக்கு வாற பெரிய பிழை கடைசியில ஒட்டுற ‘உ’. ‘ரோட்’ என்று எழுதி ‘ரோடு’ என்று பாடுவினம். 90 பிபிஎம்மில ஒரு அடி 0.67 செக்கன், அதில கால் பங்கு 0.17 செக்கன். அந்த ‘உ’ கிட்டத்தட்ட அந்தக் கால் பங்கைத் தின்னும். நாலாவது அடியில விழ வேண்டிய ரைம் இரண்டு அசையாப் பிரிஞ்சு அடுத்த வரியின் எடுப்பில போய் முட்டும். நாக்கை மேல ஒட்டின இடத்திலயே விட்டுட்டு மூச்சை நிறுத்தப் பழகுங்க. பதிவில ஏற்கெனவே விழுந்திட்டா ‘உ’வை மட்டும் வெட்டி 10 முதல் 20 மில்லிசெக்கன் ஃபேட் (சத்தத்தைப் படிப்படியாக் குறைக்கிறது) குடுங்க. அதோட டி அடைப்பையும் சேர்த்து வெட்டினா ‘ரோட்’ ‘ரோ’ ஆகிடும்.

டபிள் ட்ரக் (அதே வரியைத் திரும்பப் பாடி மேல அடுக்குறது) பாடுறதென்றா கடைசி மெய்யைத் தலைக்குரல் மட்டும் சொல்லட்டும். பின்குரல்கள் ‘ரோ…’ என்று நிற்கட்டும். நாலு குரலும் டியைச் சொன்னா ஒன்றுக்குப் பின்னால ஒன்றா ‘டட்டட்’ என்று விழும். இதில ஒரு இலாபமும் இருக்கு: ரோட், நோட்ட், ரோப் எதுவா இருந்தாலும் பின்குரல் ஒரே ‘ஓ’தான், அரைகுறை ரைம் மூடுப்பட்டுப் போகும்.

ஈற்றுச்சீர்:

தமிழ்க் காதுக்கு ‘போட்’டும் ‘ரோட்’டும் ஏன் அச்சொட்டாகப் பொருந்துகின்றன என்ற கேள்வி தொக்கி நிற்கிறது. எழுத்து ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நாம் ஒப்புமை பார்க்கும் இடமே வேறு.

எதுகையில் முதலெழுத்து அளவால் ஒத்திருந்தால் போதும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். இரண்டாம் எழுத்துத்தான் ஒன்ற வேண்டும். எனவே ‘ரோடு’வுக்கு வீடு, நாடு, காடு, மேடு, ஓடு எல்லாம் குறையில்லாத எதுகை. இங்கிலீஷ்க்காரருக்கு ‘ரோட்’ – ‘ரைட்’ – ‘ரூட்’ என்று மெய் ஒன்றி உயிர் மாறினால் அது ரைமே இல்லை. நமக்கு மெய் முக்கியம், அவர்களுக்கு உயிர் முக்கியம். கலப்புப் பாட்டில் பாதிச் சிக்கல் இங்கேதான் பிறக்கிறது: எழுதுகிறவர் தமிழ்க் காதால் சரிபார்த்து, இங்கிலீஷ்ச் சொல்லை வரியின் ஈற்றில் வைத்துவிடுகிறார்.

வரியின் கடைசிச் சொல் எந்த மொழியோ அந்த மொழியின் சட்டத்தைப் பாருங்கள். ஈற்றில் ‘எக்ஸ்ப்லோட்’ நின்றால் உயிர் பொருந்த வேண்டும். ‘ரோட்டிலே’ என்று தமிழ் வேற்றுமை ஏறிவிட்டால் அது தமிழ்ச் சொல்லாகிவிட்டது. வீட்டிலே, நாட்டிலே, பாட்டிலே, காட்டிலே எல்லாம் கூடவே வரும். ‘ரோடு’ ‘ரோட்டில்’ ஆகும்போது ட் இரட்டிப்பதும், ‘வீடு’ ‘வீட்டில்’ ஆகும்போது இரட்டிப்பதும் ஒரே விதி. ஆகவே இந்த இணைகள் எந்த வேற்றுமையிலும் கலையா. ரோட்டுக்கு – வீட்டுக்கு, ரோட்டால – வீட்டால, எப்படித் திருப்பினாலும் ஒக்கும்.

ஒரு எச்சரிக்கை. ‘ரோடு’வையும் ‘நோட்டு’வையும் ஒரே இணையில் வைக்காதீர்கள். ஒற்றை டு மெலிந்து ஒலிக்கும், இரட்டை ட்டு வலிந்து ஒலிக்கும். ‘ரோட்டு’ – ‘நோட்டு’ – ‘பாட்டு’ ஒரு கூட்டம், ‘ரோடு’ – ‘நாடு’ – ‘வீடு’ இன்னொரு கூட்டம். நண்பர் மேலே டி என்றும் ரி என்றும் பிரித்ததும் ஏறத்தாழ இதுதான்.

மிக்ஸ் மேசை தந்த வரிசைக்கும் யாப்பில் இடம் உண்டு. க, ச, ட, த, ப, ற என்ற வல்லினத்துக்குள் ஒன்றுக்கு இன்னொன்றை மாற்றி நிறுத்துவதை இன எதுகை என்போம். இங்கிலீஷ்ப் பாடலாசிரியர்கள் அடைப்பொலிகளை ஒரு குடும்பமாக வைத்து ஒன்றுக்கு இன்னொன்றை மாற்றுவதும் அதே கணக்கு. மூக்கொலிகளுக்கும் அப்படியே: ‘ஹோம்’ – ‘ஃபோன்’ இணை மெல்லின எதுகைக்கு நேர்.

பம்பலப்பிட்டி ஹோல்ட்:

ஒரு திருத்தம், இல்லாட்டி ஒரு சேர்க்கை. மேல சொன்ன கார்னெகி மெலன் அகராதியில உள்ள 134,000க்கு மேற்பட்ட சொல்லும் வட அமெரிக்க உச்சரிப்பு. கொழும்பில நாங்க கதைக்கிறது பிரித்தானியப் பக்கம் சாய்ஞ்ச இங்கிலீஷ், உயிருக்குப் பின்னால வாற ‘ர்’ரைச் சொல்றதில்ல. அதால தளம் தராத ரைம் எங்களுக்கு இருக்கு, தளம் தாற சிலது எங்களுக்குப் பொருந்தாது.

‘போர்ட்’ (பலகை) அமெரிக்காவில ‘ர்’ரோட. இங்க அது ‘போட்’. அப்ப பஸ்ஸில தொங்குற ‘புட்போட்’? ப்ரோட்டுக்கு அச்சொட்டு ரைம். ‘ஹோல்’ (மண்டபம்), ‘ஹோல்’ (ஓட்டை) இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்ற ஆக்கள் இங்க கனபேர் இருக்கினம். அவங்கட வாயில ‘புட்போட்’ ரோட்டுக்கும் ரைம்தான். அதை ‘நொட் பொட்’ என்று நக்கல் அடிக்கிறவங்களும் இருக்கினம், ஆனா ராப்பில அது சொந்தக் குரல்.

மறுபக்கம் பார்த்தா, ‘வொட்’ (என்ன) என்ற சொல்லுக்கு அமெரிக்க அகராதி ‘கட்’ (வெட்டு), ‘பட்’ (ஆனால்) என்று ரைம் தரும். எங்கட வாயில அது ‘லொட்’, ‘நொட்’ பக்கம். ‘பாஸ்’ (பரீட்சையில சித்தி) – ‘கேஸ்’ (வாயு) என்று தந்தாலும் எடுக்காதேங்க.

‘கொலம்போ’ என்று வரி முடிக்க ஆசை வந்தா, அழுத்தம் ‘லம்’மில. கடைசி ‘போ’வுக்கு ‘கோ’, ‘ஷோ’ என்று வைக்கிறது பழைய பிழை. ‘-அம்போ’ முழுக்கப் பொருந்தணும்: ஜம்போ, கம்போ (ஒரு வகை சூப்பு) மாதிரிச் சிலதுதான் தேறும். தமிழில ‘கொழும்பு’ என்று முடிச்சா எழும்பு, தழும்பு இரண்டும் இலேசா வந்து விழும்.

வெள்ளவத்தை வரி:

எல்லாருக்கும் நன்றி. புட்போட் எனக்குத் தோணவே இல்ல. இப்ப எழுதினது:

காலி ரோட், நூறாம் பஸ், ஓவர்லோட்
உள்ள இடம் இல்லையா, தொங்கு மச்சான் புட்போட்
ஃபோனில காசு முடிஞ்சுது, போடணும் ரீலோட்
வீடு போய்ச் சேர முன்னம் முடிஞ்சிடும் எபிசோட்

எங்க இடிக்குது?

கடைசி அசை:

மூன்றாவது வரி. ஓவர்லோட், ரீலோட் இரண்டிலயும் கடைசி அசை ‘லோட்’. ரோட் – இரோட்டுக்குச் சொன்ன அதே குறை. இரண்டையும் பக்கத்து வரியில வைச்சிருந்தா வேணுமென்று செய்தது மாதிரித் தெரியும், ஒரு வரி விட்டு வந்தா மறந்து போய்த் திருப்பின மாதிரித் தெரியும். ‘ரீலோட்’ இந்த ஊர்ல புழங்குற சொல், விட மனசு வராதுதான். ஆனா அந்த வரி பஸ்ஸை விட்டு வெளியால போகுது. பஸ்ஸுக்குள்ளயே நில்லுங்க:

மிச்சக்காசு கேட்டா கொண்டக்டர் வேற மோட்

இப்ப ல, ப, ம, ச என்று நாலு ஈற்றுக்கும் முன்மெய் வேற. ரீலோட்டை அடுத்த பத்தியில ‘எக்ஸ்ப்லோட்’ இல்லாத இடமாப் பார்த்து வையுங்க. அதுவும் ‘ப்லோட்’ என்று முடியுறதால இரண்டும் அருகருகே கொஞ்சம் மங்கும்.

வெள்ளவத்தை வரி:

மோட் எடுத்தாச்சு. ‘காலி ரோட்’ இரண்டு சொல்லுக்கும் சேர்த்து ரைம் வைக்க ஏலுமா? ராப்பில அதுதானே கெத்து.

பம்பலப்பிட்டி ஹோல்ட்:

ஏலும். எந்த உச்சரிப்பு என்று முதல்ல முடிவெடுங்க. இங்கிலீஷ்ல அந்த ஊர்ப்பேர் ‘கோல்’, அகண்ட ஓ. அப்ப ‘கோல் ரோட்’டுக்கு ஸ்மோல் லோட் (சின்னச் சுமை), வோல் க்லோட் (சுவர் ஒளிர்ந்தது), ஓல் ஸ்லோட் (எல்லாம் மெதுவாச்சுது) என்று அகண்ட ஓ ஒன்று, குவிஞ்ச ஓ ஒன்று என்ற ஒழுங்கில போகலாம். தமிழ் உச்சரிப்பில ‘காலி’ என்றா இரண்டு அசை. முன்சொல்லுக்கு கூலி, வேலி, போலி, ஜோலி இருக்கு, பின்சொல்லுக்கு லோட், மோட், கோட். ‘போலி கோட்’, ‘ஜோலி மோட்’ மாதிரி.

மிக்ஸ் மேசை:

இரட்டை ரைம் என்றா அடியையும் பாருங்க. ‘காலி’ மூன்றாவது அடியில, ‘ரோட்’ நாலாவதில விழுந்தா ‘ஜோலி’யும் மூன்றில, ‘மோட்’டும் நாலில விழணும். அரை அடி தள்ளினாலும் காது இரண்டையும் சேர்த்துப் பிடிக்காது. ‘எபிசோட்’டுக்கும் இதுதான்: ‘எபி’ இரண்டும் நாலாவது அடிக்கு முன்னால உள்ள இரண்டு கால் பங்கில ஓடட்டும், ‘சோட்’ சரியா அடியில இறங்கட்டும். எ-வை அடியில வைச்சா ரைம் அரை அடி பிந்தி விழும்.

ஈற்றுச்சீர்:

‘முன்னம் முடிஞ்சிடும்’ என்ற இடத்தில் மோனை தானாக விழுந்திருக்கிறது, அதைக் கலைத்துவிடாதீர்கள். இரண்டாம் வரியில் ‘மச்சான்’ வருமிடத்தில் ஒரு மூச்சு விடுங்கள். இல்லாவிட்டால் ‘புட்’ அமுங்கிப் ‘போட்’ மட்டும் கேட்கும். கேட்கிறவர் படகு என்று நினைப்பார்.